யார்க் நகரம் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்துக்கு வரும் உறவினர்களும் நண்பர்களும் லண்டனைப் பார்த்து முடித்த கையோடு என்னிடம் கேட்பது, "அடுத்து எங்கே போகலாம்?" ஒவ்வொரு முறையும் யார்க் என்றுதான் சொல்கிறேன். லண்டனிலிருந்து வடக்கே ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். அதன் பிறகு வரும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பேராலய நகரங்கள் எத்தனையோ இருக்கும்போது ஏன் யார்க்?

கேன்டர்பரி, டர்ஹம், சாலிஸ்பரி, லிங்கன் எதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சாலிஸ்பரியின் 123 மீட்டர் கூர்கோபுரத்தைத் தொலைவிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. டர்ஹம் பேராலயம் ஆற்று வளைவின் மேல் பாறையில் உட்கார்ந்திருக்கும் அழகு தனி.

யார்க்கில் பேராலயத்தோடு அதைச் சுற்றியிருந்த ஊரும் மதிலோடு மிஞ்சியிருக்கிறது. கி.பி. 71-இல் ரோமானியர் இங்கே கோட்டை கட்டி எபோராக்கம் என்று பெயர் வைத்தார்கள். 306-இல் தந்தை இங்கேயே இறந்துபோக, கான்ஸ்டன்டைனை அவருடைய படைவீரர்கள் இதே ஊரில்தான் பேரரசராக அறிவித்தார்கள். பிறகு கிறித்தவத்துக்கு ஆதரவு தந்து ஐரோப்பாவின் போக்கையே மாற்றிய அதே கான்ஸ்டன்டைன். 866-இல் வைக்கிங்குகள் பிடித்தார்கள். அவர்கள் வாயில் ஊரின் பெயர் யோர்விக் ஆனது, அதுவே தேய்ந்து யார்க். அப்புறம் நார்மானியர், கம்பளி வணிகர்கள், ரயில், சாக்லேட். இத்தனை காலமும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கும் இடத்தை ஒரு பகலில் நடந்தே சுற்றிவிடலாம்.

லண்டனிலிருந்து எப்படிப் போவது?

கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து ரயில். வேகமான வண்டி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். எடின்பரோ போகிற வண்டிகளில் பல யார்க்கில் நிற்கும்; ஸ்காட்லாந்து திட்டம் இருந்தால் நடுவில் இங்கே இறங்கிக்கொள்ளலாம். டிக்கெட்டைச் சில வாரங்களுக்கு முன்பே வாங்குங்கள். அன்றைக்கே வாங்கினால் விலை கண்ணைக் கட்டும்.

இறங்கியதும் வெளியே ஓடாமல் ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். 1877-இல் திறந்த நிலையம் இது. தண்டவாளம் வளைகிற இடத்தில் கட்டியதால், இரும்புத் தூண்களும் கூரையும் அதோடு சேர்ந்து வில்லாக வளைந்துகொண்டே போகும்.

கார் வேண்டாம். பழைய ஊருக்குள் தெருக்கள் குறுகல், பல தெருக்களில் பகலில் வண்டிகளுக்கு அனுமதியே இல்லை. காரில்தான் வந்தாக வேண்டும் என்றால் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு அங்கிருந்து பஸ்ஸில் வாருங்கள்.

காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாமா?

முடியும். ஆனால் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். பதினொரு மணிக்கு இறங்கி ஐந்து மணி வண்டியைப் பிடிக்கிறவர்கள் பேராலயத்தை அரக்கப்பரக்கப் பார்த்து, கூட்டமான தெருவில் படம் எடுத்து, கால் வலியோடு திரும்புகிறார்கள். இந்த ஊர் தன்னைக் காட்டுவது காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை ஆறு மணிக்குப் பின்பும். ஓர் இரவு தங்குங்கள். லண்டனில் ஒரு நாளைக் குறைத்தாவது தங்குங்கள்.

மின்ஸ்டர் என்கிறார்களே, கதீட்ரல் வேறு, மின்ஸ்டர் வேறா?

யார்க்கில் இரண்டும் ஒரே கட்டடம்தான். பேராயரின் ஆசனம் இருப்பதால் அது கதீட்ரல், அதாவது பேராலயம். நார்மானியர் வருவதற்கு முந்தைய சாக்சன் காலத்தில் குருமார்கள் தங்கிப் போதித்த ஆலயங்களை மின்ஸ்டர் என்றார்கள். அந்தப் பழைய பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 627-இல் எட்வின் மன்னர் இங்கே ஒரு சிறிய மர ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றதிலிருந்து கதை தொடங்குகிறது. இப்போது நாம் பார்ப்பது 1220 வாக்கில் தொடங்கி 1472-இல் அர்ச்சிக்கப்பட்டது. இரண்டரை நூற்றாண்டு வேலை. அடித்தளம் தோண்டியவனின் கொள்ளுப்பேரனும்கூட முடிவைப் பார்த்திருக்க மாட்டான்.

இங்கிலாந்துத் திருச்சபையில் கேன்டர்பரி பேராயருக்கு அடுத்த இடம் யார்க் பேராயருக்கு. அந்தச் சபையின் முதல் பெண் ஆயர் லிபி லேன் 2015 ஜனவரியில் அபிஷேகம் செய்யப்பட்டதும் இந்தக் கூரையின் கீழ்தான்.

மின்ஸ்டருக்குள் எதைத் தவறவிடக் கூடாது?

கண்ணாடியை. வேறு எதைப் பார்க்க நேரமில்லாமல் போனாலும் கண்ணாடியைப் பாருங்கள்.

கிழக்குக் கோடியில் ஒரு டென்னிஸ் மைதானம் அளவுக்குப் பெரிய சாளரம் இருக்கிறது. கவென்ட்ரியைச் சேர்ந்த ஜான் தார்ன்டன் என்ற கண்ணாடிக் கலைஞர் 1405-இல் ஒப்பந்தம் செய்து 1408-இல் முடித்தார். கூலி 56 பவுன். மொத்தம் 311 கண்ணாடிப் பலகங்கள். உச்சியில் கடவுள் ஒரு திறந்த நூலோடு வீற்றிருக்கிறார். அதில் 'நானே அகரமும் னகரமும்' என்ற பொருளில் லத்தீன் வாசகம். அதற்குக் கீழே உலகம் படைக்கப்படுவதில் தொடங்கி விவிலியத்தின் முற்பகுதிக் காட்சிகள். அவற்றின் கீழே கடைசி நூலிலிருந்து உலகம் முடியும் காட்சிகள். நடுவில் உள்ளதெல்லாம் நம் வாழ்க்கை என்று விட்டுவிட்டார்போலும். சமீபத்தில் பல ஆண்டுகள் செலவிட்டு ஒவ்வொரு பலகத்தையும் கழற்றிச் சுத்தம் செய்து, 2018-இல் பணியை முடித்தார்கள்.

ஒரு சிறிய பைனாகுலர் எடுத்துப் போங்கள். வெறும் கண்ணுக்கு அது நிறங்களின் பெருந்திரை. பைனாகுலரில் பார்க்கும்போதுதான் தனித்தனி முகங்கள் தெரியும். அந்தக் கடைசி நூலில் வரும் ஏழு தலை மிருகத்தின் ஒவ்வொரு தலையையும் நான் அப்படித்தான் எண்ணினேன். தரையிலிருந்து எவரும் பார்க்கவே முடியாத உயரத்திலும் கண்ணிமை வரை வரைந்து வைத்திருக்கிறார்கள். பார்வையாளரை மட்டும் நினைத்து வேலை செய்தவர்கள் அந்த இமைகளை வரைந்திருக்க மாட்டார்கள். நம் கோயில் கோபுரங்களின் மேல்நிலைச் சுதைச் சிற்பங்களைப் பார்க்கும்போதும் எனக்கு இதே எண்ணம்தான் வரும்.

ஆலயத்தின் பக்கவாட்டில் நீளும் வடக்குச் சிறகில் 'ஐந்து சகோதரிகள்' என்ற சாளரம். பதின்மூன்றாம் நூற்றாண்டு. ஐந்து நெட்டைக் கண்ணாடிகள், சாம்பலும் வெள்ளியும் பச்சையும் கலந்த மங்கிய நிறம். முதல் உலகப்போரில் உயிரிழந்த பெண்களின் நினைவாக 1925-இல் இதை அர்ப்பணித்தார்கள். பக்கத்திலுள்ள ஓக் மரத் தட்டிகளில் செவிலியர் முதலாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பெயர்கள் எழுதியிருக்கின்றன. போர் நினைவுச் சின்னங்களில் பெண்களின் பெயரைத் தேடிப் பழகியவர்களுக்கு இந்த இடத்தின் அருமை புரியும்.

தெற்குச் சிறகின் கதை வேறு. 1984 ஜூலை 9 அதிகாலையில் தீப்பிடித்து அதன் கூரை முழுவதும் விழுந்தது. மின்னல்தான் காரணமாக இருக்க வேண்டும் என்றார்கள். வட்ட ரோஜாச் சாளரத்தின் கண்ணாடிகள் ஆயிரக்கணக்கான இடங்களில் விரிசல் கண்டும் கீழே விழாமல் நின்றன. கூரையைப் பழையபடி ஓக் மரத்திலேயே கட்டினார்கள். கூரை விட்டங்கள் சேருமிடத்தில் பதிக்கும் மரக் குமிழ்களில் சிலவற்றை வடிவமைக்கத் தொலைக்காட்சி வழியாகக் குழந்தைகளுக்குப் போட்டி வைத்தார்கள். அதனால் இன்று அந்தக் கூரையில் நிலாவில் கால் வைத்த மனிதனும் காப்பாற்றப்பட வேண்டிய திமிங்கிலமும் இருக்கிறார்கள். அடியில் நின்று தேடுங்கள், கிடைக்கும்.

எண்கோண ஆலோசனை மண்டபத்தில் நடுத்தூணே இல்லை. சுற்றிலும் கல்லில் செதுக்கிய சின்னச் சின்ன முகங்கள், ஒன்று சிரிக்கும், ஒன்று முறைக்கும். நிலவறையையும் விடாதீர்கள். 1967 முதல் நடுக்கோபுரம் சரியும் அபாயத்தில் இருந்தபோது அடித்தளத்தை வலுப்படுத்தத் தோண்டினார்கள். ரோமானியர் கோட்டையின் தலைமையகச் சுவர்கள் அடியில் கிடைத்தன. அங்கே ஒரு யானைத் தந்தக் கொம்பு இருக்கிறது. உல்ஃப் என்ற பிரபு தன் நிலத்தை ஆலயத்துக்குத் தானம் தந்ததன் அடையாளமாகப் பதினோராம் நூற்றாண்டில் கொடுத்தது. நாம் செப்பேட்டில் எழுதியதை அவர் கொம்பைக் கையில் கொடுத்து உறுதி செய்திருக்கிறார்.

நுழைவுக் கட்டணம் உண்டா? கிறித்தவர் அல்லாதவர்கள் வழிபாட்டுக்குப் போகலாமா? செருப்பைக் கழற்ற வேண்டுமா?

சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு, குறைவும் அல்ல. இந்தக் கட்டடத்தைக் காப்பாற்றுவது ஓயாத வேலை. சுண்ணாம்புக் கல் காற்றிலும் மழையிலும் கரைந்துகொண்டே இருக்கிறது, கல்தச்சர்கள் இன்றும் பக்கத்துப் பட்டறையில் உளியோடு உட்கார்ந்து புதுக்கல் செதுக்குகிறார்கள். உங்கள் பணம் அங்கே போகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வழிபாட்டுக்கு வருகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை. எந்த மதத்தவரும் வரலாம், உட்கார்ந்து கேட்டாலே போதும். 'எவன்சாங்' எனப்படும் மாலை வழிபாடு பெரும்பாலான நாட்களில் ஐந்தரை வாக்கில் நடக்கும். ஞாயிறன்று அதற்கு முன்பே. பாடகர் குழுவில் சிறுவர்களும் சிறுமிகளும் முறைவைத்துப் பாடுகிறார்கள். அவர்களின் கடைசிச் சுரம் நின்ற பிறகும் கல்தூண்களுக்கிடையே அது சில நொடிகள் சுற்றிக்கொண்டிருக்கும். இருமக்கூடத் தோன்றாது.

செருப்பைக் கழற்ற வேண்டாம். ஆண்கள் தொப்பியை எடுத்துவிடுவது மரபு. வழிபாட்டின்போது படம் எடுக்காதீர்கள்.

கோபுரத்தில் ஏற வேண்டுமா?

275 படிகள். சுழல்படி, ஒருவர்தான் ஏறலாம். மூட்டு நல்ல நிலையிலும் மூடிய இடங்களில் பயம் இல்லாமலும் இருந்தால் ஏறுங்கள். தனி டிக்கெட், குறித்த நேரம், சிறு குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. நேரம் குறைவாக இருந்தால் இதை விட்டுவிட்டு மதிலுக்குப் போகலாம்.

மதில் மேல் நடப்பது எப்படி?

இலவசம். மதில் மேல் நடைபாதை ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர். முழுவதும் சுற்ற இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நேரமில்லை என்றால் பூத்தம் வாயிலில் ஏறி மங்க் வாயிலில் இறங்குங்கள். வழிநெடுக மின்ஸ்டர் ஒரு பக்கமாகவே வரும், ஒவ்வொரு திருப்பத்திலும் வேறொரு கோணம். கீழே பழைய வீடுகளின் பின்தோட்டங்கள், துணிக்கொடிகள், ஆப்பிள் மரங்கள்.

பெயர்கள் குழப்பும். இந்த ஊரில் தெருவின் பெயர் 'கேட்' என்று முடியும். வைக்கிங் மொழியில் அது தெருவைக் குறிக்கும் சொல். உண்மையான கோட்டை வாயிலுக்குப் பெயர் 'பார்'. மிக்கிள்கேட் பார் வழியாகத்தான் அரசர்கள் ஊருக்குள் வருவார்கள். துரோகிகள் என்று தீர்ப்பானவர்களின் தலைகளையும் அதன் மேல்தான் குத்தி வைத்தார்கள். 1460-இல் போரில் இறந்த யார்க் கோமகன் ரிச்சர்டின் தலையும் அங்கே இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பராமரிக்கச் செலவாகிறது, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று நகராட்சி இந்த மதிலை இடிக்க முனைந்தது. சில பகுதிகளை இடித்தும் விட்டது. அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர் இதே ஊரில் பிறந்த ஓவியர் வில்லியம் எட்டி. நகரின் ஓவியக் கூடத்தின் முன்னால் அவருக்குச் சிலை இருக்கிறது. மதிலில் இருந்து இறங்கி அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அவரும் அவர் தோழர்களும் சும்மா இருந்திருந்தால் நீங்கள் இப்போது நடந்த பாதை இல்லை.

ஒரு எச்சரிக்கை. இருட்டத் தொடங்கியதும் வாயில்களைப் பூட்டிவிடுவார்கள். முதல்முறை நான் டிசம்பரில் நாலு மணிக்குப் போய்ப் பூட்டிய கம்பிக்கதவைப் பார்த்துத் திரும்பினேன். பல இடங்களில் உள்பக்கம் கைப்பிடி இல்லை, மழையில் கல் வழுக்கும். குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

ஷாம்பிள்ஸ் தெரு அவ்வளவு சிறப்பா?

சிறப்புதான், காலை எட்டு மணிக்கு. பகலில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். ஹாரி பாட்டர் ரசிகர்களுக்கு மந்திரக்கோல் விற்கும் கடைகளின் முன் வரிசை. அது கசாப்புக்காரர்களின் தெரு. 1872-இல்கூட 25 இறைச்சிக் கடைகள் இருந்தன. மேல்மாடிகள் முன்னால் துருத்திக்கொண்டு எதிர்வீட்டைத் தொடுவதுபோல் நிற்கின்றன. வெயில் படாமல் இறைச்சி கெடாமல் இருக்க அது உதவியது. ஜன்னலுக்குக் கீழே அகலமான பலகைகளும் மேலே இரும்புக் கொக்கிகளும் சில கடைகளில் இன்னும் இருக்கின்றன.

கூட்டம் சலித்தால் பக்கத்துக் குட்ராம்கேட் தெருவில் ஒரு சின்ன வாசல் வழியாக உள்ளே போங்கள். ஹோலி டிரினிட்டி ஆலயம். தரை மேடும் பள்ளமும், இருக்கைகள் கதவு வைத்த மரப்பெட்டிகள். மின்ஸ்டரில் கால் வலித்தவர்கள் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

கிளிஃபோர்டு கோபுரத்தில் என்ன இருக்கிறது?

பச்சைப்புல் மேட்டின் மேல் நாலு இதழ்ப் பூ வடிவில் ஒரு கல்கோட்டை. மேல்தளத்திலிருந்து ஊரின் கூரைகள் முழுவதும் தெரியும், அதற்காகத்தான் பலர் ஏறுகிறார்கள். ஏறுவதற்கு முன் மேட்டின் அடியில் உள்ள கல்வெட்டைப் படியுங்கள்.

1190 மார்ச் 16. அப்போது இங்கே மரக்கோட்டை. ஊரில் யூதர்களுக்கு எதிராகக் கும்பல் கிளம்பியபோது, ஏறக்குறைய 150 யூதர்கள் குடும்பத்தோடு அரசரின் கோட்டைக்குள் புகலிடம் தேடினார்கள். கும்பல் வெளியே சூழ்ந்துகொண்டது. கையில் சிக்குவதைவிட மேல் என்று பலர் தங்கள் மனைவி மக்களைக் கொன்று தாங்களும் உயிரை விட்டார்கள். கோட்டை எரிந்தது. உயிர்ப் பிச்சை தருவதாகச் சொன்னதை நம்பி வெளியே வந்தவர்களையும் வெட்டினார்கள். அதன் பிறகு கும்பல் நேராக மின்ஸ்டருக்குப் போனது. யூதர்களிடம் வாங்கிய கடனுக்கான பத்திரங்கள் அங்கேதான் காப்பில் இருந்தன. எல்லாவற்றையும் ஆலயத்துக்குள்ளேயே போட்டுக் கொளுத்தினார்கள். நூறு ஆண்டு கழித்து, 1290-இல், இங்கிலாந்தை விட்டே யூதர்களை அரசர் துரத்தினார்.

வசந்தத்தில் மேடு முழுவதும் மஞ்சள் டஃபடில் பூக்கும். ஆறு இதழ். யூதர்களின் ஆறுமுனை நட்சத்திரத்தை நினைத்து நட்டவை. அழகான படம் கிடைக்கும் இடம்தான்; எடுங்கள், ஆனால் தெரிந்து எடுங்கள்.

குழந்தைகளோடு போனால்?

முதலில் தேசிய ரயில் அருங்காட்சியகம். நிலையத்தின் பின்புறம்தான், நுழைவு இலவசம். 1938-இல் மணிக்கு 126 மைல் ஓடிய நீராவி எஞ்சின் மல்லார்ட் அங்கே நிற்கிறது. அந்தச் சாதனையை இன்னும் எந்த நீராவி எஞ்சினும் முறியடிக்கவில்லை. ஜப்பானின் பழைய புல்லட் ரயில் பெட்டிக்குள் ஏறி உட்காரலாம். சென்னையில் எழும்பூர்த் தடத்தில் ஓடிய ஈ.ஐ.ஆர். 21 எஞ்சினைப் பார்த்த குழந்தைகள் என்றால் ஒன்று சொல்லி வையுங்கள்: பெரம்பூர்ப் பணிமனை உயிர் கொடுத்த அந்த 1855-ஆம் ஆண்டு எஞ்சின் பிறந்தது இதே யார்க்‌ஷயரில், பக்கத்து லீட்ஸ் நகரில்.

அடுத்தது யோர்விக் வைக்கிங் மையம். 1976 முதல் 1981 வரை காப்பர்கேட் தெருவில் தோண்டியபோது ஈரமண் காப்பாற்றி வைத்திருந்த மரவீடுகளும் தோல் காலணிகளும் சீப்புகளும் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அதே இடத்தில் அந்தத் தெருவை மறுபடி அமைத்து, சின்ன வண்டியில் உட்காரவைத்துச் சுற்றிக் காட்டுகிறார்கள். மீன், புகை, கழிப்பறை நாற்றம் உட்பட. குழந்தைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். முன்பதிவு செய்துவிடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு?

கவலையில்லை. பெரும்பாலான உணவகங்களில் சைவ உணவு உண்டு, இந்திய உணவகங்களும் இருக்கின்றன. யார்க்‌ஷயர் புட்டிங் என்ற பெயரைப் பார்த்து இனிப்பு என்று எண்ண வேண்டாம். அது மாவும் பாலும் முட்டையும் சேர்த்துச் சுட்டது, பெரும்பாலும் இறைச்சிக் குழம்போடு வரும். கிட்காட் 1935-இல் பிறந்த ஊர் இதுதான், சாக்லேட் வாங்காமல் வராதீர்கள்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரை. டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை அழகு, ஆனால் நெரிசல், நாலு மணிக்கு இருட்டு. சனிக்கிழமைகளில் கொண்டாட்டக் கூட்டங்கள் தெருவை நிறைக்கும், வாரநாளே மேல். அதிக மழை பெய்தால் ஊஸ் ஆறு கரையேறும். ஆற்றங்கரைச் சுவர்களில் எந்த ஆண்டு எந்த உயரம் வரை வெள்ளம் வந்தது என்று குறித்து வைத்திருக்கிறார்கள்; சில குறிகள் என் தலைக்கு மேலே.

வயதானவர்களை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. ஊர் சமதரை, மின்ஸ்டருக்குள் சக்கர நாற்காலி போகும். மதிலும் கோபுரங்களும் படியேறினால்தான். என் அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர் மதிலில் ஏறவில்லை. கான்ஸ்டன்டைன் சிலை எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, மின்ஸ்டரின் தெற்கு வாசலை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்காங்கே உட்கார இடம் கிடைக்கும், கல் பாவிய தெருக்களுக்கு நல்ல காலணி மட்டும் போதும்.

தங்கினால் இரவில் பார்க்க என்ன இருக்கிறது?

கடைகள் சாத்தியிருக்கும். ஷாம்பிள்ஸில் உங்கள் காலடிச் சத்தம் உங்களுக்கே கேட்கும். அங்கிருந்து சந்து வழியாக மின்ஸ்டரின் மேற்கு முகப்புக்கு வாருங்கள். கீழிருந்து விளக்கு போட்டிருப்பார்கள், கல் வெண்ணெய் நிறத்தில் இருக்கும். மணி அடிக்கும் நேரம் வரை காத்திருங்கள். வடமேற்குக் கோபுரத்தில் இருப்பது 'கிரேட் பீட்டர்', பதினோரு டன்னை நெருங்கும் மணி. முதல் அடியின் ஒலி அடங்கும் முன்பே அடுத்தது வந்து சேரும். பத்து மணிக்குப் போனால் பத்து முறை கேட்கலாம்.